ஓ.எல். தாண்டிய ஆங்கிலச் சொற்கள்: நாளுக்கு ஐந்து, உருப்படியாக

சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'சி' எடுத்த பிள்ளையும் வங்கிப் படிவம் ஒன்றைக் கையில் வாங்கியதும் தயங்குவதை ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அன்றாடம் பார்க்கலாம். வீடு, சாப்பாடு, பாடசாலை, குடும்பம் பற்றிய சொற்கள் கைவசம் இருக்கின்றன. அதற்கு அடுத்த படியில் உள்ள சொற்கள்தான் இல்லை. தகுதி, நிபந்தனை, தாமதம், நிலுவை, பரிந்துரை, நிராகரிப்பு என்று பத்திரிகையிலும் படிவத்திலும் நேர்முகத் தேர்விலும் வருகிறவை அவை. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் இந்தப் படியை பி1, பி2 என்பார்கள்.

அளவு தெரிந்தால் பயம் குறையும். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 தலைச்சொற்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி பாடசாலையிலேயே வந்துவிடுகிறது. அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களின் கூட்டங்கள். முதல் 2000க்கு மேல் இன்னும் ஓர் ஆயிரம் சேர்ந்தால், சாதாரண ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொற்கள்வரை புரிந்துவிடும். நாளுக்கு ஐந்து, கிழமைக்கு ஐந்து நாள், நாற்பது கிழமை: அந்த ஆயிரம் வந்துவிடும்.

ஒரு முன்குறிப்பு. இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். உங்கள் கொப்பியில் அப்படி எழுதவே கூடாது. ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தியை எடுத்து, நூறு சொல் வரும்வரை எண்ணிக் கோடு போடுங்கள். தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடிடுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அந்த மட்டம் உங்களுக்குச் சரி. ஆறிலிருந்து பத்து என்றால் அகராதியோடு உட்கார்ந்து படிக்கலாம். பத்துக்கு மேல் போனால் பத்திரிகையை இப்போதைக்கு ஒதுக்கி, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் 9ஆம், 10ஆம் தர ஆங்கிலப் பாடநூலில் வரும் வாசிப்புப் பகுதிகளுக்குப் போங்கள். பழைய பாடநூல் என்று கூச வேண்டாம். பரீட்சைக்காக ஓடி ஓடிப் படித்தபோது நழுவிய சொற்கள் அங்கேதான் கிடக்கின்றன.

கோடிட்ட எல்லாச் சொல்லையும் கொப்பியில் ஏற்றாதீர்கள். ஒரே கிழமையில் இரண்டு வெவ்வேறு இடங்களில் கண்ணில் பட்ட சொல்லை மட்டும் எடுங்கள். ஒருமுறை மட்டும் வந்த சொல் பெரும்பாலும் அந்தக் கட்டுரைக்கு உரியது. அதை மனனம் செய்வதில் நேரம்தான் போகும்.

சொல் எடுக்க மலையகத்தில் கிடைக்கும் மிக நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. அரசாங்க வர்த்தமானி மூன்று மொழிகளிலும் வருகிறது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். ஒரு பதவி வெற்றிட அறிவித்தலின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பந்தி பந்தியாக ஒப்பிடுங்கள். 'வேகன்ஸி' என்றால் வெற்றிடம், 'ப்ரொபேஷன்' என்றால் தகுதிகாண் காலம், 'குளோசிங் டேட்' என்றால் முடிவுத் திகதி என்று அகராதி இல்லாமலே விளங்கும். 'பேர்மனன்ட் அண்ட் பென்ஷனபிள்' என்ற தொடர் அறிவித்தலுக்கு அறிவித்தல் திரும்ப வரும்: நிரந்தரமானதும் ஓய்வூதியம் உள்ளதும். வங்கியின் வைப்புச் சீட்டு, பிரதேச செயலகப் படிவங்கள் ஆகியவையும் இப்படித்தான் மும்மொழியில் இருக்கும். நாளைக்கு நீங்களே நிரப்பப்போகும் தாளிலிருந்து கற்ற சொல் மறப்பது அரிது.

தமிழ்ப் பொருளை எழுதும் விதம்

இந்த முறையின் மையம் இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். பொருள் எழுதும் இடத்தில் ஒரேயொரு தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் இடைநிலைக் கற்றலைக் கெடுக்கும் பெரிய பழக்கம். அடிப்படைச் சொற்களுக்கு அது போதும். 'டேபிள்' என்றால் மேசை. இந்த மட்டத்தில் போதாது.

'மறுத்தல்' என்பதை எடுங்கள். ஒன்றைச் செய்ய முடியாது என்று சொல்வது 'ரிஃபியூஸ்': துரை லீவு தர மறுத்தார். நடந்ததாகச் சொல்வதை இல்லை என்பது 'டினை': பணம் எடுத்ததை அவர் மறுத்தார். வந்ததை ஏற்காமல் திருப்புவது 'ரிஜெக்ட்': விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மூன்றுக்கும் 'மறு' என்று எழுதி வைத்தால், பேசும்போது எது வாயில் வருகிறதோ அதுவே வரும். அமைப்பும் வேறு. 'ரிஃபியூஸ்' என்பதன் பின்னால் 'டு' போட்டு வினைச்சொல் வரும். 'டினை' என்பதன் பின்னால் அப்படி வராது. 'டேக்கிங்' போன்ற 'இங்' வடிவம்தான் வரும். ஆகவே பொருளை இப்படி எழுதுங்கள்: 'ரிஃபியூஸ்' — செய்ய மறு, 'டினை' — நடந்ததை இல்லையென மறு, 'ரிஜெக்ட்' — ஏற்காமல் நிராகரி.

அடுத்தது வேற்றுமை உருபு. 'டிஸ்கஸ்' என்பதற்குப் 'பற்றிக் கலந்துரையாடு' என்று எழுதியவர் 'டிஸ்கஸ் அபவுட்' என்றுதான் சொல்வார். தமிழில் இருக்கும் 'பற்றி' அவரை இழுத்துவிடும். அதே சொல்லுக்கு 'ஆராய்' என்று எழுதுங்கள். பிரச்சினையை ஆராய்ந்தார்கள், 'ஐ' உருபு. ஆங்கிலத்திலும் இடையில் எதுவும் வராமல் நேராக 'டிஸ்கஸ் த ப்ராப்ளம்'. 'எம்பசைஸ்' என்பதற்கு 'வலியுறுத்து', அதுவும் 'ஐ' எடுக்கும். 'எம்பசைஸ் ஆன்' என்பது பிழை. 'மேரி' என்பதற்கு 'மணந்துகொள்'. அவனை மணந்தாள், ஆகவே 'வித்' தேவையில்லை. வினைச்சொல்லாக வரும் 'கான்டாக்ட்' என்பதற்குத் 'தொடர்புகொள்' என்று எழுதினால் 'உடன்' வந்து 'வித்'தைக் கூட்டி வரும். 'அணுகு' என்று எழுதினால் அலுவலகத்தை அணுகுங்கள், சரியாக அமையும். 'ரீச்' என்பதற்கு 'அடை': ரயில் ஹட்டனை அடைந்தது, 'டு' வேண்டாம். 'அரைவ்' என்பதற்கு 'வந்து சேர்': அது இடத்தைக் கேட்கும் சொல், ஊருக்கு 'இன்', ஸ்டேசனுக்கு 'அட்'.

மறுபக்கமும் இருக்கிறது. 'கம்ப்ளை' என்பதற்குப் 'பின்பற்று' என்று எழுதினால் விதியைப் பின்பற்று என 'ஐ' வந்து, 'வித்' விடுபட்டுப்போகும். 'இணங்கு' என்று எழுதுங்கள், விதிக்கு இணங்கு. 'கு' என்ற உருபைப் பார்த்ததும் இங்கே ஏதோ ஒரு சொல் இடையில் வேண்டும் என்று ஞாபகம் வரும். 'டிபென்ட்' என்பதற்கு நம் நாட்டுத் தமிழில் 'தங்கியிரு' என்கிறோம்: வருமானம் கொழுந்தில் தங்கியுள்ளது. அந்த 'இல்' இருக்கும் இடத்தில் 'ஆன்'. 'எலிஜிபிள்' என்பதற்கு 'தகுதியுடைய'. கொடுப்பனவுக்குத் தகுதியுடையவர், ஆகவே 'ஃபோர்'.

எல்லாச் சொல்லுக்கும் இப்படிப் பொருந்தும் தமிழ்ச் சொல் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் அதைத் தேடிப் பிடித்து, அடைப்புக்குள் உருபையும் எழுதுங்கள்: ஆராய் (ஐ), இணங்கு (கு), தங்கியிரு (இல்). ஐந்து சொல்லுக்கு இதைச் செய்யப் பத்து நிமிடம் பிடிக்கும். பின்னால் 'வித்', 'ஆன்', 'ஃபோர்' போன்ற முன்னிடைச்சொல் பிழைகளைத் திருத்துவதற்குச் செலவாகும் மாதங்கள் மிச்சம்.

ஏற்கெனவே வாயில் உள்ள சொற்கள்

தோட்டத்துப் பேச்சில் ஆங்கிலம் நிறையக் கலந்திருக்கிறது. அவற்றில் ஒரு பகுதி நேரே உதவும். 'ப்ளக்' என்றால் கொழுந்து பறிப்பது. பூப் பறிப்பதற்கும் கோழி இறகு பிடுங்குவதற்கும் அதே சொல். தைரியத்தை வரவழைத்துக்கொள்வது 'ப்ளக் அப் கரேஜ்'. பிரட்டு, அதாவது வேலை பிரிக்கத் தொழிலாளரை ஒன்றுகூட்டுவது, ஆங்கிலத்தில் 'மஸ்டர்'; ஆதரவு திரட்டுவதும் 'மஸ்டர் சப்போர்ட்' தான். கவ்வாத்து வெட்டுவது, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தரிப்பது, 'ப்ரூன்'. செலவைக் குறைப்பதற்கும் பத்திரிகையில் அந்தச் சொல் வரும். கொழுந்து வாட்டுவது 'விதரிங்'. அதன் வினைச்சொல் 'விதர்', செடி வாடுவதற்கும் அதுவே. இப்படி ஒரு சொல்லின் தொழிற்பொருள் தெரிந்திருந்தால், மற்றப் பொருள் ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது.

இன்னொரு பகுதி தடுக்கி விழ வைக்கும். தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்கிறோம். நேர்முகத் தேர்வில் 'ஸ்டோர்' என்று சொன்னால் கடை அல்லது களஞ்சியம் என்றே எடுத்துக்கொள்வார்கள். 'டீ ஃபெக்டரி' என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக் கடையை ஹோட்டல் என்கிறோம். வெளிநாட்டு ஆங்கிலத்தில் அது தங்குமிடம். படித்து வெளியேறியவரை 'பாஸ் அவுட்' என்கிறோம். வெளியே அதற்கு மயங்கி விழுவது என்ற பொருள்தான் முதலில் தோன்றும். மின்சாரத்தைக் கரண்ட் என்று மட்டுமே அறிந்தவர், படிவத்தில் 'கரண்ட் அட்ரஸ்' என்பதைக் கண்டு விழிப்பார். அங்கே 'கரண்ட்' என்றால் தற்போதைய. கரண்ட் பில் என்பதை ஆங்கிலத்தில் 'எலக்ட்ரிசிட்டி பில்' என்று எழுத வேண்டும். இவற்றுக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள்.

சம்பளச் சீட்டும் ஒரு பாடம். 'எம்ப்ளோயர்' தொழில்கொடுப்பவர், 'எம்ப்ளோயி' ஊழியர். ஓர் எழுத்து வித்தியாசத்தில் பலர் மாற்றிப் படிக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு எம்ப்ளோயர் 12 வீதமும் எம்ப்ளோயி 8 வீதமும் செலுத்துகிறார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் முழுவதும் எம்ப்ளோயர் பக்கத்தில்தான். எண்ணோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் தீரும். 'கான்ட்ரிபியூஷன்' என்றால் இங்கே பங்களிப்புத் தொகை, 'டிடக்ஷன்' என்றால் கழிவு, 'அரியர்ஸ்' என்றால் நிலுவை.

மழைக்காலத்தில் உயிருக்கே தேவையான சொற்களும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று மட்டத்தில் வருகிறது: மஞ்சள் விழிப்பாக இருப்பதற்கு, செம்மஞ்சள் ஆயத்தமாவதற்கு, சிவப்பு வெளியேறுவதற்கு. சிவப்புக்குரிய சொல் 'இவாக்குவேட்'. எச்சரிக்கை விடுப்பது 'இஷ்யூ எ வார்னிங்', அது அமுலில் இருப்பது 'இன் ஃபோர்ஸ்', கடும் மழை 'ஹெவி ரெயின்'. 'பிக் ரெயின்' என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. 'இஷ்யூ' என்ற சொல்லைத் தனியாக அகராதியில் பார்த்தால் பிரச்சினை, வெளியீடு, வழங்கு என்று பல பொருள் வரும். கூட வரும் சொல்லோடு எடுத்தால் குழப்பமே இல்லை: அனுமதிப்பத்திரம் வழங்குவது 'இஷ்யூ எ லைசன்ஸ்', பாரதூரமான பிரச்சினை 'எ சீரியஸ் இஷ்யூ'.

அட்டை செய்தல்

ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டு அட்டை கிடைக்கும். ஒவ்வொன்றும் 74க்கு 105 மில்லிமீற்றர். பழைய கலண்டர் தாள் இன்னும் நல்லது, தடிப்பாக இருக்கும். ஜெல் பேனை வேண்டாம். மஸ்கெலியா, நோர்வுட் பக்கத்து மழைக்காலத்தில் ஈரம் பட்டு மை ஊறிவிடும். போல்பொயின்ட் அல்லது பென்சிலால் எழுதி, பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள்.

முன்பக்கத்தில் சொல்லை மட்டும் எழுதுங்கள். அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு. பின்பக்கத்தில் நான்கு வரி: உருபோடு தமிழ்ப் பொருள், கூட வரும் சொற்கள் இரண்டு, சொற்குடும்பம், சொந்த வாக்கியம் ஒன்று. 'எலிஜிபிள்' என்ற அட்டையின் பின்னால் தகுதியுடைய (கு) என்றும், 'எலிஜிபிள் ஃபோர்', 'எலிஜிபிள் டு அப்ளை' என்றும், 'எலிஜிபிலிட்டி', 'இனெலிஜிபிள்' என்றும் இருக்கும். கடைசி வரியில், உங்கள் தங்கை எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவள் என்று ஓர் ஆங்கில வாக்கியம். அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் வீட்டு ஆட்கள், உங்கள் ஊர், உங்கள் வேலை அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

வாசிக்கும்போது புரிந்தால் போதும் என்ற சொல்லுக்கு இந்த ஓர் அட்டை போதும். பேசவும் எழுதவும் வேண்டிய சொல்லுக்கு எதிர்த்திசை அட்டையும் தேவை: முன்னால் தமிழ் வாக்கியம், பின்னால் ஆங்கிலம். ஒரு திசையில் மட்டும் படித்தவர்களுக்கு, பார்த்தால் தெரியும், பேசினால் வராது என்ற நிலை இதனால்தான் வருகிறது.

மீட்டல்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்து வெளியிட்ட ஆய்வின்படி, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக இருக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே முதல் மீட்டல் சீக்கிரம் வர வேண்டும், பிறகு இடைவெளி நீளலாம். ஜெர்மன் மொழியில் எழுதிய செபஸ்தியன் லெயிட்னர் 1972இல் விளக்கிய பெட்டி முறை இதற்குத் தோதானது.

ஐந்து பெட்டி வையுங்கள். தீப்பெட்டி வந்த அட்டைப்பெட்டியைத் தடுத்தாலும் சரி. முதல் பெட்டியை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதைக் கிழமைக்கு ஒருமுறை, நான்காவதை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பாருங்கள். அட்டையைத் திருப்புவதற்கு முன் பொருளையும் கூட வரும் ஒரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டும் சரியென்றால் அடுத்த பெட்டிக்கு. ஒன்று பிழைத்தாலும் முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும், அது ஐந்தாவது பெட்டியிலிருந்து வந்ததானாலும். இதில் இரக்கம் காட்டினால் முறை வேலை செய்யாது. கையடக்கத் தொலைபேசியில் அன்கி என்ற செயலி இதையே தானாகச் செய்யும். அன்ட்ரொய்டில் இலவசம், இணைப்பு இல்லாமலும் ஓடும்.

புதிய ஐந்து சொல்லை இரவில் எழுதுங்கள், அடுத்த நாள் காலையில் முதல் மீட்டல். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. சனி, ஞாயிறு புதிய சொல் வேண்டாம், மீட்டல் மட்டும். திருவிழாவோ காய்ச்சலோ வந்து ஒரு கிழமை விடுபட்டால், முதல் பெட்டியில் இருபது அட்டைக்குக் கீழே வரும்வரை புதியதைத் தொடாதீர்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் முப்பது சேர்ப்பவர்கள்தான் அடுத்த மாதம் டின்னை மூடி வைக்கிறார்கள்.

உச்சரிப்பும் எழுத்தும்

தமிழ் எழுத்தில் ஆங்கிலத்தை எழுதினால் பல ஒலிகள் ஒன்றாகிவிடும். 'பேக்' என்று எழுதினால் அது பையா, கட்டுவதா, பின்பக்கமா என்று எழுத்தில் தெரியாது. அழுத்தமும் காணாமல் போகும். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது அதைத் தேடுவதும் இல்லை. ஆங்கிலத்தில் மாற்றும். 'ரெக்கோர்ட்', 'பேர்மிட்', 'இன்க்ரீஸ்' ஆகியவை பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினைச்சொல்லானால் இரண்டாவதிலும் அழுத்தம். 'எம்ப்ளோயி' என்பதில் கடைசி அசை அழுந்தும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசை, 'ஃபொடோகிராஃபர்' இரண்டாவது. அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி மூன்று முறை கேட்டு, மூன்று முறை சொல்லிவிட்டே கோடு போடுங்கள். தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வருமென்றால், டவுனுக்குப் போகும் நாளில் இணைப்பின்றி இயங்கும் அகராதியைத் தரவிறக்கி வையுங்கள்.

'டெட்' என்ற கடனிலும் 'டவுட்' என்ற சந்தேகத்திலும் 'பி' (b) ஒலிக்காது. 'ரிசீட்' என்ற பற்றுச்சீட்டில் மற்ற 'பி' (p) ஒலிக்காது. ஒலிக்காத எழுத்தைச் சிவப்பில் எழுதுங்கள். இலங்கைப் பரீட்சைகளில் பிரித்தானிய எழுத்துக்கூட்டல்தான். போனின் விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் 'கலர்', 'சென்டர்', 'லேபர்' ஆகியவற்றைப் பிழையாகத் திருத்திக்கொண்டே இருக்கும். அமைப்புகளுக்குள் போய் ஆங்கிலம் — ஐக்கிய இராச்சியம் என்று மாற்றுங்கள்.

இன்னும் சில தவறுகள்

எதிர்ச்சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். 'பரோ' கடன் வாங்குவது, 'லெண்ட்' கடன் கொடுப்பது. இரண்டையும் சேர்த்து மனனம் செய்தால் எது எது என்பதே ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டிருக்கும். ஒன்றை முதலில் எடுத்து, அது மூன்றாவது பெட்டிக்குப் போன பிறகு மற்றதை எடுங்கள். 'அடாப்ட்', 'அடொப்ட்' போன்ற உருவொத்த சொற்களுக்கும், ஒரே பொருட்குழுவைச் சேர்ந்த சொற்களுக்கும் இதே விதி. பழங்களின் பட்டியல், உணர்ச்சிகளின் பட்டியல் என்று அச்சிட்டு விற்கும் தாள்கள் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அவற்றை ஒன்றாகப் படித்தால் ஒன்றையொன்று குழப்பும்.

அகரவரிசையில் அகராதியை மனனம் செய்வதும் வீண். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைப் போடுவதும் ஏமாற்றும். 'சார்ஜ்' என்று மட்டும் போட்டால் கட்டணமா, குற்றச்சாட்டா, போனுக்கு ஏற்றுவதா, பொறுப்பா என்று அது ஊகிக்க வேண்டும். முழு வாக்கியத்தைப் போடுங்கள்.

மாதக் கடைசியில் ஐந்தாவது பெட்டியிலிருந்து பத்து அட்டையைக் கண்ணை மூடி எடுத்து, அந்தப் பத்துச் சொல்லும் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள்: விடுமுறை கேட்டோ, தண்ணீர்க் குழாய் உடைந்ததைத் தெரிவித்தோ, வேலைக்கு விண்ணப்பித்தோ. பாடசாலை ஆங்கில ஆசிரியரிடமோ, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் ஊரில் இருந்தால் அவரிடமோ கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். திருத்தம் விழுந்த சொல்லின் அட்டையை முதல் பெட்டியில் போட்டு, பின்பக்கத்து வாக்கியத்தைப் புதிதாக எழுதுங்கள். திருத்தமின்றி இரண்டு கடிதத்தில் வந்துவிட்ட சொல்லின் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம்.